ஸ்லீவ்டாராவின் முப்பத்தெட்டுக் கையெழுத்து

ஜூன் 12, 1892. ஞாயிறு

மழை. மத்தியானம் பன்றிக்கறியும் முட்டைக்கோசும். புது உருளைக்கிழங்கு இன்னும் வரவில்லை, பழசெல்லாம் முளைவிட்டுக் கிடக்கிறது.

காலைப் பூசையில் பாதர் மீஹன் பிரசங்கத்தை வானத்தில் ஆரம்பித்து எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து முடித்தார். மலாக்கி ஹெகர்ட்டிக்கு ஓட்டுப் போடுகிறவன் சாவான பாவம் செய்கிறான், அவன் சாகக் கிடக்கும்போது அவஸ்தை பூச நான் வரமாட்டேன் என்றார். மலாக்கி மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஹனோரா அக்காவின் ஒரே மகன். ஏழு வருஷமாக கில்மோரா தொகுதிக்கு லண்டன் பாராளுமன்றத்தில் உறுப்பினர். துணிக்கடையில் கஜம் அளந்துகொண்டிருந்தவனை மேடையில் ஏற்றியவன் தாய்மாமன் நான்தான். சரி, ஏணியைப் பிடித்தவன். குத்தகைக்காரர்களுக்காகப் பேசி ஆறு மாதம் சிறைக்குப் போனான். கைதி உடுப்பு போடமாட்டேன் என்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாராளுமன்றத்தில் வாயை மூடமாட்டேன் என்றதற்கு நான்கு சேவகர்கள் தூக்கி வெளியே போட்டார்கள். குதிரைச் சந்தையில் நான் சொல்லும்போது எட்டு சேவகர்கள்.

பாதருக்கு நான் எழுந்து நின்று லத்தீனிலேயே பதில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மலாக்கி குறுக்கே விழுந்தான்.

"மாமா, நீங்க எழுந்து தும்மினீங்க. அப்புறம் உட்கார்ந்துட்டீங்க."

தும்மலிலும் ஒரு தொனி உண்டு.

ஜூன் 15

எங்கள் கட்சித் தலைவர் ஒரு பெண் விஷயத்தில் சிக்கினார், கட்சி இரண்டாகப் பிளந்தது, பாதிரிமார் எல்லாம் எதிர்ப் பக்கம் போனார்கள். போன அக்டோபரில் அவர் செத்தும் போனார். செத்தவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். அவர் நினைவாகச் சட்டையில் ஐவிக் கொடியின் இலையைக் குத்திக்கொண்டு நடக்கிறோம். இலை குத்தியவனுக்கு கில்மோராவில் ரொட்டி விற்கக்கூடாது என்று பாதரின் கட்டளை.

டப்ளினிலிருந்து டாக்டர் காஃப்னி என்று ஒருவரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். எண்பத்தைந்திலும் எண்பத்தாறிலும் மலாக்கிக்கு எதிராக நிற்க ஆளே கிடையாது. மனுக் கொடுத்த அன்றே ஜெயித்தான். அதனால் இந்த ஊரில் ஓட்டுப்பெட்டி என்ற சாமானை எவனும் கண்ணால் கண்டதில்லை. இந்தத் தடவைதான் உண்மையான சண்டை. தோற்றால் மலாக்கிக்கு வேறு எதுவும் இல்லை. துணிக்கடையிலும் சேர்க்கமாட்டார்கள்.

ஜூன் 20. சந்தை நாள்



மலாக்கி மாட்டுச் சந்தையில் வண்டி மேல் நின்று பேசினான். ஐந்து நிமிஷம் நன்றாகப் போனது. கசாப்புக்காரன் தம்பி ஒருவன் கைதட்டுகிறவன் மாதிரி முன்னே வந்து, காகிதப் பொட்டலத்தை அவன் முகத்தில் உடைத்தான். சுண்ணாம்பு. வெந்நீரில் போட்ட நண்டு மாதிரி ஒரு சத்தம் மலாக்கியிடமிருந்து வந்தது. மனிதச் சத்தம் இல்லை அது. வண்டியிலிருந்து மண்ணில் விழுந்து முகத்தை மண்ணில் தேய்த்தான். அதற்கப்புறம் சந்தை முழுக்கத் தடிதான். கருமுள் தடி மண்டையில் படும் சத்தம் ஒரு விதம், தோளில் படுவது ஒரு விதம். இன்றைக்கு எல்லா விதமும் கேட்டேன். கன்றுக்குட்டி ஒன்று மிதிபட்டே செத்தது. ஒரு கிழவி தராசுக் கல்லை மடியில் அள்ளிவைத்துக்கொண்டு ஐவி இலைக்காரனாகப் பார்த்துப் பார்த்து எறிந்தாள்.

நான் ஏழு பேரை வீழ்த்தினேன். கசாப்புக்காரன் தம்பியின் தாடை என் கையால் போனது என்பது மட்டும் சத்தியம். அவன் பல் ஒன்று என் கோட்டுக் கையில் ஏறிக்கொண்டு வீடுவரை வந்தது. பால்காரியின் பாத்திரத்தைப் பிடுங்கி மலாக்கி முகத்தில் ஊற்றினேன். கழுவக் கழுவ அவன் இமை என் விரலோடு வந்தது.

போலீஸ்காரர்கள் பாலத்தில் நின்று ஆற்றில் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 21

இடது கண் போய்விட்டது. வலது கண் தப்பும் என்கிறார் ஊர் வைத்தியர். அக்கா நேற்றிலிருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருக்கிறாள், சாப்பிட ஆளில்லாமல்.

ஜூன் 26

மலாக்கி கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தபடி கணக்குப் போடுகிறான். டவுன் பாதிக்குப் பாதி. கிராமங்கள் பாதர் கையில். மிச்சம் ஸ்லீவ்டாரா மலை. அங்கே ஓட்டு நாற்பத்தொன்று. எண்பத்தேழில் ஜமீன்தாரின் ஆட்கள் அவர்கள் கூரையைப் பிரித்தபோது இவன்தான் போய்க் குறுக்கே படுத்தான். அவர்கள் மனசெல்லாம் இவனிடம்தான். ஆனால் ஒருவனுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

அங்கேதான் பாதர் வலை விரித்திருக்கிறார். படிக்கத் தெரியாதவன் ஓட்டுச்சாவடி அதிகாரியிடம் யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதிகாரி போட்டுக்கொடுப்பார். பக்கத்திலேயே காஃப்னியின் ஏஜெண்டாக நாற்காலி போட்டு உட்காரப் போகிறவர் யார்? பாதர் மீஹன். தன் பெண்டாட்டிக்கு அவஸ்தை பூச வரவேண்டிய பாதரின் முகத்துக்கு நேரே எந்த மலைக்காரன் மலாக்கி பெயரைச் சொல்வான்? படித்தவனையும் படிக்காதவன் என்று சொல்லச் சொல்லி ஊர் ஊராக உத்தரவு போயிருக்கிறது.

"அவங்களே தாள்ல போட்டுட்டா யாருக்கும் தெரியாது மாமா. மலைக்குப் போய் கத்துக்கொடுங்க. எப்படின்னா—"

"டேய் மாப்ளே, நான் மூணு ஜில்லாவுல ஓட்டுப் போட்டவன். எனக்கு நீ சொல்றியா?"

அவன் சிரித்தான். சுண்ணாம்பு பட்ட பிறகு முதல் சிரிப்பு. அதற்காகவே அப்படிச் சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு ஓட்டே கிடையாது, வீடு உள்ளவனுக்குத்தான் ஓட்டு, வீடு அக்கா பெயரில். தாளையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு காகிதத்தில் மரியாதைப்பட்டவன் போடக்கூடியது வேறு என்ன? மலாக்கி பெயர் இருக்கும், பக்கத்தில் தன் பெயரை எழுதவேண்டியதுதான். பேங்கிலும் அப்படித்தான், கல்யாணப் பதிவிலும் அப்படித்தான்.

ஜூலை 1. ஸ்லீவ்டாரா

மூன்று நாளாக மலையில் இருக்கிறேன். ஓவனி ரஹில்லி வீட்டில் படுக்கை. ஐம்பது வயது ஆள், ஆட்டுக்கிடா மாதிரி நெற்றி. அவன் பெண்டாட்டி நானோ மோரும் கிழங்கும் வைத்துவிட்டுக் கதவருகே நின்று பாடத்தைக் கேட்கிறாள்.

களத்தில் கரித்துண்டு, பலகை. நாற்பத்தொரு பேர். முதல் நாள் எல்லோரும் பலகையில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்கள். குத்தகைப் பத்திரம், கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றிலும் அவர்கள் பிறந்ததிலிருந்து போடுவது அதுதான்.

"அது தற்குறி வேலைடா. அந்தக் குறிய வச்சுத்தான் ஜமீன்தார் உங்க நிலத்தையே எழுதி வாங்கினான். இனிமே பேரு. பேரு எழுதுறவனை எந்தப் பாதிரியும் வாயத் திறக்கச் சொல்ல முடியாது."

எல்லாரும் பலகையைத் துடைத்தார்கள். பெரிய பிரசங்கம்தான் அது. எழுதும்போது என் ரோமம் இப்போதும் நிற்கிறது.

ஓவனிக்கு இரண்டு நாள் பிடித்தது. கரித்துண்டை மண்வெட்டி மாதிரிப் பிடிக்கிறான். இன்று மத்தியானம் முழுப் பெயரும் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இதுதான் நானா அண்ணே? இவ்ளோ நீளமா?"

"வாய் அதைவிட நீளம்" என்றாள் நானோ.

ஜூலை 5

சலவைக்காரி வீட்டுக் கூரையைக் கொளுத்திவிட்டார்கள். ஐவி இலைக்காரர்களின் துணியைத் துவைத்தாளாம்.

ஜூலை 8

நாற்பத்தொரு பேரும் எழுதிவிட்டார்கள். மலையில் கதவு, பாறை, சாணிக்குவியல் மேல் கிடக்கும் பலகை, எங்கே பார்த்தாலும் பெயர். ஒருவன் தன் கழுதை மேலேயே எழுதிவைத்திருக்கிறான். இந்த ஜில்லாவில் பள்ளிக்கூட வாத்தியார்கள் பத்து வருஷத்தில் செய்யாததைப் பத்து நாளில் செய்தேன். மலாக்கியிடம் வந்து, எல்லாருக்கும் வந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜூலை 13. ஓட்டு நாள்

மலையிலிருந்து நாற்பத்தொரு பேரும் ஒரே வரிசையாக இறங்கினோம். முன்னே நான். பெண்கள் பின்னால். எல்லார் சட்டையிலும் ஐவி.

பாலத்தில் முந்நூறு பேர். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று நடுவில் ஒரு சந்து விட்டிருந்தார்கள், ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். ஓடினால் அடி குறையும் என்று சொல்லியும் ஓவனி கேட்கவில்லை. நடந்தான். அவன் நடந்ததைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள்.

தடி, மண்வெட்டிக் காம்பு, காலுறையில் கட்டிய கல். என் முன்னே போனவனுக்குக் காது தனியாகத் தொங்கியது. ஒருவனை அப்படியே தூக்கி ஆற்றில் போட்டார்கள். நீந்தி ஏறி நனைந்த பெருச்சாளி மாதிரி திரும்ப வந்து வரிசையில் நின்றான். எனக்கு முதுகில் பதினொன்று விழுந்தது. நான் இரண்டு பேரைச் சுவருக்கு மேலே அனுப்பினேன். பாலத்தின் கடைசியில், ஈயம் ஊற்றிய தடி ஒன்று ஓவனியின் நெற்றியில் விழுந்தது. ஆள் சாயவில்லை. பச்சைக் கட்டையைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். நானோ தன் முக்காட்டைக் கிழித்துத் தலையைக் கட்டினாள். இரத்தம் அதையும் தாண்டி வந்தது.

ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்துக்குள் நடந்தது மலாக்கியின் ஏஜெண்டாக உள்ளே இருந்த வக்கீல் குமாஸ்தா லூபி சொன்னது. பாதர் மீஹன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம்.

"ஓவனி, உனக்குக் கல்யாணம் பண்ணிவச்சவன் நான். உனக்கு எழுத்து தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வாயத் திறந்து சொல்லு."

"அது போன வாரம் வரைக்கும் பாதர்."

தாளை வாங்கிக்கொண்டு மறைவுக்குப் போனான். வெகு நேரம் எடுத்தானாம். மூன்று பேர் மட்டும் பாதர் முகத்தைப் பார்த்ததும் உடைந்து, படிக்கத் தெரியாது என்று சொல்லி காஃப்னி பெயரைச் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முப்பத்தெட்டு பேர் மறைவுக்குப் போனார்கள்.

ஜெயித்துவிட்டோம். என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் இல்லை.

ஜூலை 14

தோற்றோம். இருபத்தாறு ஓட்டில்.

வெளியே தார்ப்பீப்பாய் கொளுத்தி ஆடுகிறார்கள். நம் வீட்டு ஜன்னல் ஒன்றும் மிச்சமில்லை. அக்கா மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறாள்.

எண்ணும் இடத்திலிருந்து மலாக்கி வந்தான். கோட்டைக் கழற்றவில்லை. ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான்.

"மாமா, மலைல என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"பேரு எழுத. முப்பத்தெட்டு பேரும் முத்து முத்தா எழுதினாங்களே, பாத்தியா?"

"பாத்தேன்" என்றான். பிறகு, "நல்லா எழுதியிருந்தாங்க" என்றான். மாடிக்குப் போய்விட்டான்.

அப்படியானால் டவுன்தான் காலை வாரிவிட்டது. துரோகிகள்.

ஜூலை 16

டவுனில் எவன் எவன் துரோகி என்று சாராயக்கடையில் ஒரு பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தேன். லூபி பீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான். போட்டவன் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்து தாளில் இருந்தால் அந்தத் தாள் செல்லாது. சட்டம். பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். முப்பத்தெட்டுத் தாள், முப்பத்தெட்டு முழுப்பெயர், அத்தனையும் தள்ளுபடி. அவை சேர்ந்திருந்தால் பன்னிரண்டில் ஜெயித்திருப்போம். மலாக்கி ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தானாம். ஒன்று முழுக்க இரத்தமாம்.

லூபியை அடித்துவிட்டேன். மூக்கில். அவன் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

பெருக்கல் குறி.

ஜூலை 17. ஞாயிறு

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மலை ஏறினேன்.

ஓவனி சுவர்ப்பக்கமாகப் படுத்திருந்தான். நெற்றி வீங்கி முகம் வேறு யாரோ மாதிரி. நானோ ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். பாதர் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலடிச் சத்தத்தை வைத்தே நான் என்று கண்டுகொண்டான்.

"அண்ணே. என்னோடது எண்ணினாங்களா?"

"எண்ணினாங்க."

வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க வரவில்லை. விளக்கு வைப்பதற்கு முன்பே போய்விட்டான்.

ஜூலை 19

ஓவனியை நாங்களே புதைத்தோம். திரும்பும்போது பாலத்தில் கல்லெறிந்தார்கள். வெறும் சவப்பெட்டி வண்டி மேல்.

செப்டம்பர் 4

மலாக்கி வழக்குப் போட்டிருக்கிறான். பாதரின் மிரட்டலாலும் அடியாலும் நடந்த தேர்தல் செல்லாது என்று. இரண்டு நீதிபதிகள் வருகிறார்கள். மலைக்காரர்கள் சாட்சி சொன்னால்தான் நிற்கும்.

என் அறுபத்து மூன்று வயதில் இன்றுதான் என்னை உட்கார வைத்துப் பேசினான். எதிர் வக்கீல் அந்தத் தாள்களைக் கட்டாயம் கிளப்புவான், கோர்ட்டில் வைத்துத்தான் அவர்களுக்குத் தெரியவேண்டுமா, நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான்.

"தெரிஞ்சா அவங்க வரமாட்டாங்கடா. அப்புறம் உன் சீட்டு?"

"வரலைன்னா வரலை."

"நீ போகாதே. நான் போறேன்."

செப்டம்பர் 11

போகவில்லை. கால் வலி.

செப்டம்பர் 25

பாதி வழி போனேன். மூடுபனி. அப்படி ஒன்றும் பெரிய மூடுபனி இல்லை.

அக்டோபர் 9

தலைவரின் முதல் நினைவு நாள் போன வியாழக்கிழமை. ஐவி குத்திக்கொண்டு போன தச்சனைப் பிடித்து, இலையை வாயில் திணித்துத் தின்னவைத்தார்கள். பிறகு கையை வாசற்படியில் வைத்து மிதித்து ஒடித்தார்கள். வலது கை.

மலைக்குப் போகவில்லை.

நவம்பர் 8. அக்கா எழுதுகிறாள், நான் சொல்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை போனேன். இப்போதெல்லாம் அவர்கள் பூசைக்குக் கீழே வருவதில்லை, களத்திலேயே ஜெபமாலை. முடிந்ததும் எழுந்தேன். சட்டம், இங்கிலீஷ்காரன் சூழ்ச்சி, லண்டனில் திடீரென்று மாற்றிய விதி என்று ஒரு கதை கட்டிக்கொண்டு போயிருந்தேன். நல்ல கதை. நானோவைப் பார்த்தேன், அது வாயிலிருந்து வரவில்லை. "நான் தாளையே பாத்ததில்ல. தெரியும்னு பொய் சொன்னேன். உங்க முப்பத்தெட்டும் குப்பைக்குப் போச்சு. ஓவனியோடதும்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவன் ஜெபமாலையைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

முதலில் அடித்தவள் நானோ. அடுப்பு இடுக்கியால். கழுத்தெலும்பு அதில்தான் போனது. பிறகு மற்றவர்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. விலா இரண்டு, முன்பல் இரண்டு. காது தொங்கினவன் என் கையைத் தரையில் விரித்துக் குதிகாலால் தேய்த்தான், எழுதுகிற கை. நான் தடியைத் தூக்கவில்லை என்று மட்டும் எழுதிக்கொள் அக்கா. ஆற்றில் விழுந்தவன்தான் போதும் என்று நிறுத்தினான்.

ஒரு கதவைக் கழற்றி அதில் போட்டுக் கீழே தூக்கிவந்தார்கள். எட்டு மைல். பாதி வழியில் இறக்கி வைத்தார்கள். ஒருவன் குனிந்து, "அப்ப என்னதான்யா போடணும்?" என்று கேட்டான்.

"பெருக்கல் குறி."

அவன் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தான்.

"அதைத்தானேய்யா நாங்க பொறந்ததுலேர்ந்து போட்டுக்கிட்டிருக்கோம்."

மறுபடி அடிப்பார்கள் என்று நினைத்தேன். தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

(இதை எழுதிய கையால் இன்னொன்றும் எழுதுகிறேன். இவன் சொன்ன கதைகளில் நான் குறுக்கே கேள்வி கேட்காதது இது ஒன்றுதான். ஹனோரா.)

நவம்பர் 30

இடது கையால் எழுதுகிறேன்.

கோர்ட் நிரம்பி வழிந்தது. மலைக்காரர்கள் வருவார்களா என்று மலாக்கி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு நீதிபதிகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் இல்லை. பத்தரைக்கு ஆணிச் செருப்புச் சத்தம். முப்பத்தேழு பேரும், முன்னே நானோ. உடைந்துபோன அந்த மூன்று பேரும்கூடக் கடைசியில்.

நானோ பாலத்தில் நடந்ததைச் சொன்னாள். ஈயத்தடி பிடித்தவன் பெயரைச் சொன்னாள். அவன் பின் பெஞ்சில் இருந்தான். எழுந்து போகப் பார்த்தான், மலைக்காரர்கள் வழி விடவில்லை. எதிர் வக்கீல் எழுந்து, அம்மா, உன் புருஷன் போட்ட ஓட்டு செல்லாத காகிதம் என்பது உனக்குத் தெரியுமா, அதைச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று தெரியுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான். ஐந்தாறு பேர் சிரித்தார்கள்.

"தெரியும் சாமி. அதோ, கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்தான். அவனை நாங்க அடிச்சாச்சு. இப்ப என் வீட்டுக்காரரை அடிச்சவனைப் பத்திப் பேசுவோம்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

டிசம்பர் 17

தேர்தல் செல்லாது. மறு தேர்தல். பாதர் மீஹன் நாற்காலி போட்டு உட்காரக்கூடாது என்றும் தீர்ப்பில் இருக்கிறது. தடிக்காரன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். எங்கள் வீட்டு ஜன்னல்களை மறுபடியும் உடைத்தார்கள். அக்கா இனி கண்ணாடி வேண்டாம், பலகை அடித்துவிடு என்கிறாள்.

பிப்ரவரி 21, 1893. மறு ஓட்டு நாள்

பாலத்தில் இந்த முறை இருநூறு பேர் இருக்கலாம். நூற்றைம்பது. மலாக்கியே வரிசையின் முன்னே நடந்தான். மாமா, நீங்க பின்னாடி வாங்க என்றான். குருட்டுப் பக்கத்திலிருந்து வந்த கல் அவனுக்குத் தெரியவில்லை, கன்னம் கிழிந்தது. துடைக்காமல் நடந்தான். தடிகள் தூக்கினபடியே இருந்தன, ஆனால் பாதிதான் இறங்கின. ஒருவனுக்குக் கால் உடைந்தது. மற்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டே உள்ளே போய்ப் போடவைத்துத் தூக்கிக்கொண்டே வந்தார்கள்.

ஒருவர் ஓட்டுக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆகவில்லை என்கிறான் லூபி.

பிப்ரவரி 23

மலாக்கி ஜெயித்தான். காலையிலிருந்து கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கி எலும்பு மறுபடி வலிக்கிறது. சந்தையில் கேட்டவர்களுக்கெல்லாம் நூற்றுப் பதினேழு ஓட்டு வித்தியாசம் என்று சொன்னேன். கசாப்புக்காரனுக்கு மட்டும் இருநூறு.

மத்தியானம் ஸ்லீவ்டாராவுக்கு ஏறினேன். கழுத்தெலும்பு சரியான பிறகு முதல் தடவை. நானோ வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"எத்தனைல?" என்றாள்.

"பதினேழு."

தழையைப் போட்டு முடித்தாள். கையை இடுப்புத் துணியில் துடைத்தாள்.

"அவரு இருந்திருந்தா பதினெட்டு."

"ஆமா. பதினெட்டு."

வேலிப் படலைத் திறந்துவிட்டுவிட்டு உள்ளே போனாள். கிழங்கு வேகும் வாசனை வந்தது. செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினேன். பிறகு நானும் உள்ளே போனேன்.